இதை யாருக்குத் தரக்கூடாது?

திருவானைக்காவலில் ஒரு டாக்டரம்மா இருந்தார். புது மருந்தோடு போகிற எங்களைப் போன்ற மெடிக்கல் ரெப்புகளிடம் அவர் எந்தக் கம்பெனி என்று கேட்க மாட்டார். வெளிநாட்டில் எந்தெந்த டாக்டர்கள் அதை எழுதித் தருகிறார்கள் என்றும் கேட்க மாட்டார். நாங்கள் மூச்சுவிடாமல் ஒப்பிப்பதை எல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்து, ஒரே ஒரு கேள்வி கேட்பார். "இதை யாருக்குத் தரக்கூடாது?"

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் எல்லாரும் இப்போது கையில் டேப்லெட்டோடு போகிறீர்கள். விரலால் தள்ளினால் படம் ஓடுகிறது, கிருமி வெடித்துச் சிதறுகிறது, பின்னால் மியூசிக்கூட வருகிறது. எங்களுக்கு இருந்தது தோளை ஒரு பக்கமாக இழுக்கும் தோல் பையும், திருச்சி வெயிலில் கழுத்தை நெரிக்கும் டையும்தான். மண்ணச்சநல்லூரில் எங்கள் அப்பாவுக்கு அரிசி ஆலையில் வேலை. நான் டை கட்டிக்கொண்டு முதல் நாள் பஸ் ஏறியதைப் பார்த்து, "இது என்னடா வேலை, டாக்டருக்கே வைத்தியம் சொல்லித் தர்றதா?" என்று கேட்டார். எனக்கு அதில் பெருமைதான் வந்தது. முப்பத்தைந்து வருஷம் அந்தப் பெருமையிலேயே ஓட்டினேன் என்று சொல்ல ஆசைதான். ஒரு மார்கழியில் அது கழன்று விழுந்தது. அதைத்தான் சொல்லப்போகிறேன்.

முதலில் பையைத் திறந்து காட்டிவிடுகிறேன். நான் விற்ற மருந்துகளில் பெரும்பகுதி ஒரே குடும்பம், குயினலோன் குடும்பம். மலேரியா மருந்து செய்யும்போது வேண்டாத பக்கப் பொருளாக வந்த ஒன்றிலிருந்துதான் அந்தக் குடும்பமே தொடங்கியது என்று பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். முதல் தலைமுறை நாலிடிக்ஸிக் ஆசிட். நீர்க்கடுப்புக்கும் சீதபேதிக்கும் எழுதுவார்கள். பாவம், சிறுநீர்ப் பாதையையும் குடலையும் தாண்டி அது எங்கும் போகாது. பிறகு யாரோ ஒரு புண்ணியவான் அதில் ஃபுளோரின் அணு ஒன்றை மாட்டிவிட்டார். இரண்டாம் தலைமுறையாக நார்ஃப்ளாக்ஸசின் வந்தது. அதன் பின்னாலேயே சிப்ரோஃப்ளாக்ஸசின் வந்தது. டைஃபாய்டு வந்தால் வாரக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்த ஜனங்கள், வீட்டிலேயே மாத்திரை போட்டுக்கொண்டு கஞ்சி குடித்து எழுந்து நடந்தார்கள். அந்தக் காலத்தில் நாங்கள் சாலையில் போனால் எங்களுக்கே ஒரு நடை வந்துவிட்டது.

மூன்றாம் தலைமுறை லீவோஃப்ளாக்ஸசின். அது நெஞ்சுச் சளியையும் பிடிக்கும், ஒரு நாளைக்கு ஒன்று போதும். நாலாம் தலைமுறை வந்தபோது, இதுவரை வந்ததெல்லாம் ஒத்திகை என்பதுபோலப் பேசச் சொன்னார்கள், பேசினேன். அந்த நாலாம் தலைமுறையில் ஒன்று ரத்தத்தில் சர்க்கரையைத் தாறுமாறாக ஏற்றி இறக்குகிறது என்று பிற்பாடு நம் நாட்டில் மாத்திரையாகவே விற்கக்கூடாது என்று நிறுத்திவிட்டார்கள். அதை விற்பதற்கு நான் எத்தனை மாடிப்படி ஏறியிருப்பேன் என்று நினைத்தால் இப்போதும் முழங்கால் வலிக்கிறது.

டாக்டரம்மாவிடம் நான் முதலில் போனது நார்ஃப்ளாக்ஸசினோடு. எனக்கு இருபத்துமூன்று வயது. அவர் கண்ணாடியைக் கழற்றிக் கேள்வியைக் கேட்டார். நான் முகமெல்லாம் சிரிப்பாக, "எல்லாருக்கும் தரலாம் மேடம்" என்றேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒரு மாதம் கழித்து வரச் சொன்னார். வெளியே உட்கார்ந்திருந்த மற்ற ரெப்புகள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அவர்களும் அந்த ஒரு மாதத்தைப் பார்த்தவர்கள்தான்.

அன்றிலிருந்து நான் உஷார். புது மருந்து வந்தால், பெட்டிக்குள் எட்டாக மடித்து வைத்திருக்கும் அந்தத் தாளைப் பிரித்து, எறும்பு எழுத்தை எல்லாம் மனப்பாடம் செய்துவிடுவேன். கர்ப்பிணிகள், குழந்தைகள், வலிப்பு உள்ளவர்கள், சிறுநீரகம் பழுதானவர்கள் என்று ராகம் போட்டுச் சொல்லுவேன். லீவோஃப்ளாக்ஸசின் வந்தபோது பட்டியல் நீண்டது. அறுபது வயதுக்கு மேற்பட்டவர்கள், ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள், இவர்களுக்குக் குதிகாலுக்கு மேலே இருக்கும் தசைநாண் வீங்கலாம், சில சமயம் அறுந்தும் போகலாம். டாக்டரம்மா தலையை ஆட்டி, "நீங்க ஒருத்தர்தான் முழுசா சொன்னது" என்றார். அன்றைக்கு நான் பைக்கில் திரும்பி வந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

அப்போது நான் ஸ்ரீரங்கத்தில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் முதல் மாடியில் வாடகைக்கு இருந்தேன். எதிர் வீட்டில் சம்பத் மாமா. கோயிலில் ஸ்ரீபாதம் தாங்குகிறவர். பெருமாள் புறப்பாட்டின்போது பல்லக்கைத் தோளில் சுமக்கிறவர்களை அங்கே அப்படித்தான் சொல்லுவார்கள். அது வெறும் சுமை தூக்குவது அல்ல. பெருமாள் சிங்க நடை நடக்கிறார் என்றால், அந்த நடையை நடப்பது அவர்களுடைய கால்கள். ஓர் அடி வைத்து, நின்று, இடமும் வலமும் திரும்பி, மறுபடி ஓர் அடி. எல்லாருக்கும் ஒரே நேரத்தில் குதிகால் எழும்ப வேண்டும். மாமாவுக்கு அறுபத்தொன்று. மார்கழியில் ஒரு நாள்கூடத் தவறவிட்டதில்லை என்பது அவருடைய பேச்சில் எப்படியாவது வந்துவிடும்.

அந்த வருஷம் மார்கழிக் குளிரில் மாமாவுக்குச் சளி நெஞ்சில் கட்டி, இளைப்பும் சேர்ந்துகொண்டது. காட்டியது நம் டாக்டரம்மாவிடம்தான். மருந்து ஆரம்பித்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. அதற்குள் மாமா என் கதவைத் தட்டிவிட்டார்.

"சேகர், ஒங்க பையில சீக்கிரம் கேக்கற மாதிரி ஏதாவது இருக்கா? பகல் பத்து வந்துடுத்து. இருமிண்டு பெருமாளைத் தோள்ல ஏளப்பண்ண முடியுமா?"

இதைப் படிக்கிறவர்களில் எத்தனை பேருக்கு இந்தத் தட்டல் பழக்கமோ தெரியாது. எனக்கு வாரத்துக்கு நாலு. சொந்தக்காரர், ஹவுஸ் ஓனர், பால்காரர், பிள்ளையின் வாத்தியார். நாம் ரெப் என்று தெரிந்துவிட்டால் அக்கம்பக்கத்துக்கு நாம் பாதி டாக்டர், அதுவும் வரிசையில் காக்க வைக்காத டாக்டர். இல்லை என்று சொல்ல நமக்கு மனசு வராது. மனசு வராததற்குக் காரணம் இரக்கம் என்று இத்தனை நாள் நானும் நினைத்திருந்தேன். கொடுக்கும்போது கிடைக்கிற மரியாதை பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

மாமா வீட்டுக்குப் போனேன். மேஜையில் தண்ணீர்ச் சொம்புக்குப் பக்கத்தில் டாக்டரம்மா எழுதிய மாத்திரைகள் இருந்தன. அதில் ஒன்று ஸ்டீராய்டு. பெயர் எனக்குத் தெரியும். கண்ணால் பார்த்தேன். பார்த்துக்கொண்டே அதை நகர்த்தி வைத்துவிட்டு, அந்த இடத்தில் லீவோஃப்ளாக்ஸசின் சாம்பிள் அட்டையை வைத்தேன். அட்டையில் ஐந்து மாத்திரை. "டாக்டர் குடுத்ததோட இதையும் சேர்த்துப் போடுங்க மாமா, ஒரு நாளைக்கு ஒண்ணுதான்" என்றேன். மாமி எனக்கு ஒரு டம்ளர் காப்பி கொடுத்தார். ஸ்ரீரங்கத்துக் காப்பி, நுரை அடங்குவதற்குள் குடித்துவிட்டேன்.

நாலு நாள் போனது. ஐந்தாம் நாள் காலை சென்னையிலிருந்து எங்கள் மேனேஜர் வந்திருந்தார். மேனேஜர் கூடவே ஒவ்வொரு டாக்டராகப் போவதற்கு ஜாயிண்ட் வொர்க் என்று பெயர். மாப்பிள்ளை பார்க்க வந்த மாதிரி நாள் முழுக்க விறைப்பாக இருக்க வேண்டும். நான் ஷூவைத் துடைத்துக்கொண்டு படியில் இறங்கும்போது, முன்னால் மாமா இறங்கிக்கொண்டிருந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில், ஒவ்வொரு படியாக. என்ன மாமா என்று கேட்டதற்கு, பனியில் குதிகால் நரம்பு பிடித்துக்கொண்டிருக்கிறது, ரெண்டு காலிலும், நாளைக்குள் சரியாகிவிடும் என்றார். நாளைக் காலை பகல் பத்து, அதாவது வைகுண்ட ஏகாதசிக்கு முந்தைய பத்து நாள் உற்சவம், ஆரம்பம். இருமல் எப்படி என்று கேட்டேன். தேவலாம் என்றார். சந்தோஷமாக பைக்கைக் கிளப்பினேன்.

திருவானைக்காவலில் முதல் டாக்டரே டாக்டரம்மாதான். மேனேஜருக்கு என் திறமையைக் காட்ட வேண்டும் என்றுதான் அவரை முதலில் வைத்திருந்தேன். நாலாம் தலைமுறை மருந்தின் விளக்கப் படங்களை எடுத்து விரித்தேன். பேச்சு மழைதான். மேனேஜர் காலை ஆட்டிக்கொண்டு ரசித்தார். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார், கேள்வியைக் கேட்டார். நான் காத்திருந்தவன்போல ஆரம்பித்தேன். குயினலோன் குடும்பத்துக்கே பொதுவானது என்று முன்னுரை வைத்து, கர்ப்பிணிகள், குழந்தைகள், வலிப்பு உள்ளவர்கள், அறுபது வயதுக்கு மேற்பட்டவர்கள், ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள்.

அதோடு நின்றுவிட்டது. அடுத்த வார்த்தை குதிகால். கண்ணுக்கு முன்னால் சுவரைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் இறங்குகிற மாமா.

எனக்கு மறந்துவிட்டது என்று நினைத்து மேனேஜர் பக்கத்திலிருந்து மெல்ல எடுத்துக்கொடுத்தார். தசைநாண், தசைநாண் என்று அவர் முணுமுணுத்தது இன்னும் காதில் இருக்கிறது.

ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. ஆனால் அதற்குள் நான் எவ்வளவு கணக்குப் போட்டேன் தெரியுமா? வெளியே போய் மேனேஜரைக் கழற்றிவிட்டு, ஒரு போன் பண்ணி, மாத்திரையை நிறுத்திவிடுங்கள் மாமா, வேறு நல்லது தருகிறேன் என்று சொல்லிவிடலாம். யாருக்கும் தெரியாது. டாக்டர் அல்லாதவருக்குச் சாம்பிள் கொடுத்தால் எங்கள் கம்பெனியில் வேலை போகும், அதைக் கம்பெனிக்குச் சொல்லவேண்டிய ஆள் எனக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். ஆனால் போனில் சொன்னால் மாமா மாத்திரையைத்தான் நிறுத்துவார். நாளைக் காலை தோள் கொடுப்பதை நிறுத்த மாட்டார். அந்தக் கால் எந்த நிலையில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. தெரிந்தவர் எதிரே இருந்தார்.

சொல்லிவிட்டேன். யார், என்ன வயது, மேஜையில் என்ன இருந்தது, நான் எதை வைத்தேன், இன்று காலை படியில் என்ன பார்த்தேன் எல்லாவற்றையும். சம்பத் மாமா அவருடைய பேஷண்ட் என்பதால் பெயர் சொன்னதுமே அவருக்குப் புரிந்துவிட்டது. திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"எத்தனை மாத்திரை உள்ள போயிருக்கு?"

"நாலு மேடம்."

"அஞ்சாவது?"

"சாப்பாட்டுக்கு அப்புறம் போடுவாரு."

டாக்டரம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்றரை. கோயில் வேலை செய்கிற வீடுகளில் சாப்பாடு சீக்கிரம். "போங்க. நடக்க விடாதீங்க, ஆட்டோல கூட்டிட்டு வாங்க" என்றார்.

மேனேஜரை அங்கேயே விட்டுவிட்டுக் கிளம்பினேன். அவர் பின்னாலேயே ஓடி வந்து பைக்கில் ஏறிக்கொண்டார். என் தோல் பையை மடியில் வைத்துக்கொண்டு, டை காற்றில் முகத்தில் அடிக்க, அத்தனை பெரிய அதிகாரி என் பின்னால் உட்கார்ந்து வந்த காட்சியை வேறொரு நாளாக இருந்தால் ரசித்திருப்பேன். பாதி வழியில் என் காதுக்குப் பக்கத்தில், "நானும் குடுத்திருக்கேன் சேகர். எங்க மாமியாருக்கு. ஒண்ணும் ஆகலைங்கறதால நல்லவனா இருக்கேன்" என்றார். நான் வண்டியின் வேகத்தைக் கூட்டினேன்.

மாமா சாப்பிட்டு எழுந்து கை கழுவியிருந்தார். ஐந்தாவது மாத்திரை உள்ளங்கையில் இருந்தது. நான் ஷூவைக்கூடக் கழற்றாமல் உள்ளே போய் அதைப் பிடுங்கினேன். மாமி திகைத்துப்போய் நின்றார். ஆட்டோவில் ஏற மாமா லேசில் ஒப்புக்கொள்ளவில்லை. கால் வலிக்கு டாக்டரா, எண்ணெய் தேய்த்தால் போகும் என்றார். மேனேஜர்தான் அவருடைய ஒரு கையைப் பிடித்து இறக்கினார்.

டாக்டரம்மா அவரைக் குப்புறப் படுக்கச் சொல்லி இரண்டு குதிகால்களுக்கும் மேலே விரலால் அழுத்திப் பார்த்தார், கெண்டைக்காலைப் பிடித்துப் பார்த்தார். மாமா பல்லைக் கடித்துக்கொண்டார். அறுந்துபோகவில்லை, ஆனால் வீங்கியிருக்கிறது, இதோடு எடை ஏற்றினால் அறுந்துவிடும், அறுந்தால் இந்த வயதில் பழைய கால் திரும்புவது கஷ்டம் என்று என்னைத் தனியே அழைத்துச் சொன்னார். மாமாவிடம் சொல்லவில்லை. "நீங்க குடுத்தீங்க, நீங்களே சொல்லுங்க" என்றார்.

டாக்டர்களிடம் பேசியே பிழைத்தவன் நான். நூறு பக்கம் கொண்ட விஷயத்தை மூன்று நிமிஷத்தில் அடக்கத் தெரிந்தவன். அன்றைக்கு, எழுந்து உட்கார்ந்திருந்த மாமாவிடம் ஒவ்வொரு வாக்கியமாகச் சொன்னேன்.

"மாமா, இது பனியால வரல. நான் குடுத்த மாத்திரையால வந்தது. நாளைக்கு நீங்க தூக்கக்கூடாது. இந்த மார்கழி முழுக்கக் கூடாது."

மாமா என்னைப் பார்க்கவே இல்லை. தன் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இருபத்தொன்பது மார்கழி, சேகர்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். ஏதோ கைதவறி விழுந்துவிட்டதைச் சொல்வதுபோலச் சொன்னார். எனக்கு அழுகை வந்தது, அழுதேன். மேனேஜர் வெளியே போய் நின்றுகொண்டார்.

மறுநாள் காலை கோயில் பக்கமிருந்து மேளச் சத்தம் வந்தபோது மாமா வாசலுக்கு வரவில்லை. பகல் பத்தும் ராப் பத்துமாக அந்த இருபது நாளும் அவருடைய கூட்டாளிகள் வந்து போனார்கள். அவர்கள் எதிரே வந்தால் நான் ஏதோ மறந்துவிட்டதுபோல வீட்டுக்குள் திரும்பிவிடுவேன். மாமா என்னிடம் பேசவில்லை. மாமி மட்டும் பார்த்தால் தலையசைப்பார். இருமல் என்ன ஆனது என்கிறீர்களா? டாக்டரம்மா முதலில் எழுதிக் கொடுத்த சாதாரண மருந்திலேயே முழுசாக அடங்கிவிட்டது. இன்னும் இரண்டு நாள் பொறுத்திருந்தால் போதும். மூன்றாம் தலைமுறை தேவையே இல்லாத ஒரு சளி அது.

கம்பெனியிலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. மேனேஜர் எழுதித்தான் வந்தது, எழுதாமல் இருக்க முடியாது என்று அவரே சொன்னார். நடந்ததை நடந்தபடி எழுதி அனுப்பினேன். அந்த வருஷம் வரவேண்டிய பதவி உயர்வு வரவில்லை. வேலை போகாததே பெரிது. வாசலில் வந்து தட்டுகிறவர்களிடம் அதற்கப்புறம் பை காலி என்று சொல்லப் பழகிக்கொண்டேன். ஹவுஸ் ஓனருக்குத்தான் ரொம்ப வருத்தம்.

ஆடி மாதம் ஒரு காலை கதவு தட்டும் சத்தம். திறந்தால் மாமா. ஏழு மாதத்தில் முதல் தடவை. நீர்க்கடுப்பு என்று டவுனில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். அங்கே பழைய கதை எதுவும் தெரியாது, அவர்களும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அதை இன்னும் பிரிக்காமல், அட்டையோடு என் முன்னால் நீட்டினார்.

"சேகர், இதை யாருக்குக் கொடுக்கப்படாது?"

அந்தக் கேள்வியை அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தது என்று நான் கேட்கவில்லை. திருவானைக்காவலில்தான் கற்றிருப்பார் என்று தெரியும். அட்டையை வாங்கிப் பார்த்தேன். சிப்ரோஃப்ளாக்ஸசின். பெயர் வேறு, நிறம் வேறு, தலைமுறைகூட வேறு. குடும்பம் அதே குடும்பம்.

"உங்களுக்குத்தான் மாமா" என்றேன்.

மாமா என்னையும் அட்டையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "வண்டியை எடுங்கோ, டாக்டரம்மாட்ட போவோம்" என்றார். வேறு மருந்து எழுதி வாங்கிக்கொண்டு வந்தோம். திரும்பும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் பைக்கில் உட்கார்ந்திருந்தார். இந்த வகை மருந்தே தனக்குக் கூடாது என்று டாக்டரம்மா எழுதிக் கொடுத்த சீட்டு இன்றைக்கும் அவருடைய பர்ஸில் இருக்கிறது. அவருக்கு இப்போது எண்பதைத் தாண்டிவிட்டது.

உங்களுக்கு நான் சொல்லவேண்டியதை மாமாவே கேட்டுவிட்டார் என்பதால் தனியாக ஒன்றும் சொல்லப்போவதில்லை. ஒன்றே ஒன்று. அந்தக் கேள்விக்குப் பதில் எனக்கு மனப்பாடம். ஒரு மருந்துக்கு அல்ல, நாலு தலைமுறைக்கும் மனப்பாடம். பதிலில் வருகிற ஆள் எதிர் வீட்டில் இருந்தார் என்பதுதான் தெரியவில்லை.

அடுத்த மார்கழி, பகல் பத்து முதல் நாள். கூட்டத்தில் முண்டியடித்து முன் வரிசைக்குப் போய் நின்றேன். பல்லக்கு வந்தது. முன்தண்டில் இடது பக்கம் மாமா. ஓர் அடி வைத்து, நின்று, இடமும் வலமும் திரும்பி, மறுபடி ஓர் அடி. சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் கையைத் தலைக்கு மேலே தூக்கிப் பெருமாளின் முகத்தைச் சேவித்தார்கள். நானும் கையைக் கூப்பினேன். பெருமாள் கடந்து போகும்வரை நான் நிமிரவே இல்லை. குளிர்ந்த கல் தரையில் ஏறி இறங்கிக்கொண்டிருந்த இரண்டு குதிகால்களையே பார்த்துக்கொண்டு நின்றேன்.